கேட்போர்

நெடுநாளாக ஒரு சங்கடம் உள்ளே கிடந்து உறுத்துகிறது. ஒரு சங்கப் பாடலை எடுத்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் பார்த்து, கொண்டு கூட்டிப் படித்து, திணை இன்னது, கூற்று இன்னாருடையது, இது உவமை, இது உள்ளுறை, இது இறைச்சி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி முடித்ததும் ஒரு நிறைவு வருகிறதே, அந்த நிறைவின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போகிறது. பாடலுக்குள் பேசுகிறவள் எதையும் முடித்திருக்கவில்லை. அவள் காத்திருக்கிறாள், அல்லது அஞ்சிக்கொண்டிருக்கிறாள், அல்லது யார் காதிலோ விழட்டும் என்று குரலைச் சற்றே உயர்த்தியிருக்கிறாள். அவளுடைய நாள் நடுவழியில் நிற்க, நான் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் பக்கத்தைப் புரட்டுகிறேன். உவமானம், உவமேயம், உவம உருபு, பொதுத்தன்மை என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துப் பழகிய கை. அந்தப் பழக்கத்தை நான் இகழவில்லை. அது இல்லாமல் பழைய செய்யுளின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது. தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்துத் தந்திருக்கிறது. அவற்றை நெட்டுருப் போட்டவருக்கு ஒரு செய்யுளில் கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஆனால் கண் நின்ற இடத்தில் மனமும் நின்றுவிடுகிறது. என்ன அணி என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடைக்கிறது. கிடைத்த பிறகு, கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அந்தப் பெண்ணிடம் வேலை எதுவும் மிச்சமில்லை.

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலருடையது, ஐந்தே அடிகள். மறைவில் கூடியவன் மணம் பேச வராமல் நாள் கடத்துகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் ஒருவன்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் தான் என்ன செய்வது என்று கேட்கிறாள். பிறகு, விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்ததுபோல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு. தினைத்தாள் போன்ற அதன் மெல்லிய பசுங்கால்கள். தேர்வுத்தாளில் இதற்கு உவமையணி என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. எழுதியது தவறும் இல்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் மடையான் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பழுப்பு உடம்பு சேற்றோடு சேறாகக் கலந்து கிடக்கும். கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கும். சாலையில் வண்டிகள் இரைந்து போனாலும் தலை திரும்பாது. நீருக்கும் அலகுக்கும் நடுவே உள்ள அந்தச் சாண் அளவு உலகத்துக்கு வெளியே அதற்கு எதுவும் நடப்பதில்லை. கால் மட்டும் மஞ்சள் கலந்த பச்சை. நடுவில் ஒரு முட்டு. முற்றாத தினைத்தட்டையிலும் அதே மெலிவு, அதே பச்சை, முட்டு இருக்கும் இடத்தில் ஒரு கணு. கபிலர் சொன்ன குருகு இந்தப் பறவைதான் என்று சாதிக்க மாட்டேன். நீர்ப்பறவைகள் பலவற்றுக்கும் அந்தப் பெயர் பொதுவாக வழங்கியிருக்கிறது. என்றாலும் அந்தப் பச்சையைப் பார்த்த பிறகு, தினைத்தாளை ஒரு கவிஞர் அழகுக்காகத் தேடி எடுத்து வந்து ஒட்டவைத்தார் என்று நினைக்க முடியவில்லை. அது அந்தப் பெண்ணின் கண்ணில் ஏற்கெனவே இருந்தது. தினைப்புனத்தில் கிளி ஓட்டிப் பகலெல்லாம் கழித்தவளுக்கு மெலிந்து பசுமையாக நிற்பது எதுவானாலும் முதலில் தினைத்தாளாகத்தான் தெரியும். இன்னும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. பறவையின் அலகைச் சொல்லலாம், சிறகைச் சொல்லலாம். இவள் ஏன் காலைச் சொல்கிறாள்? அவன் அருகில் இருந்த நேரத்தில் அவள் பார்வை நீர்மட்டத்தைவிட்டு மேலே ஏறவில்லை போலும். நாணமா, அச்சமா, அந்தக் கணத்தின் கனமா, தெரியவில்லை. அவன் முகத்தைப் பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் கிடையாது. பறவையின் கால் இருக்கிறது. இது பாடல் தாங்கும் பொருளா, நான் ஏற்றும் சுமையா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் உவமை என்று பெயரிட்டதோடு நிறுத்தியிருந்தால் இந்த ஐயப்படும் உரிமைகூட எனக்குக் கிடைத்திருக்காது.

தொல்காப்பியத்தின் உவமவியலில் ஒரு வரையறை வருகிறது. தலைவி சொல்லும் உவமை அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழி சொன்னால் தன் நிலத்தை விட்டுப் போகக் கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய அறிவின் உரன் தோன்றச் சொல்லலாம். இதை முதலில் படிக்கும் எவருக்கும் மனம் கசக்கத்தான் செய்யும். பெண்ணின் அறிவுக்கு வேலி போட்டு, ஆணுக்கு வெளியைத் திறந்துவிடும் விதி இது. அதற்குச் சமாதானம் தேடும் விருப்பம் எனக்கில்லை. ஆனால் அந்த விதிக்குள் வேறொரு அறிவும் இருக்கிறது. உவமை கவிஞரின் உடைமை இல்லை, பேசுகிறவரின் உடைமை என்று அது எண்ணுகிறது. கபிலர் பறம்பைப் பார்த்தவர், வேந்தர்களைப் பார்த்தவர், பாரியோடு இருந்தவர். அவருக்கு ஆயிரம் ஒப்புமைகள் தோன்றியிருக்கும். அவ்வளவையும் அடக்கிவைத்துவிட்டு, ஒரு புனங்காவல் பெண்ணுக்கு எட்டும் தொலைவில் இருப்பதை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் நாம் உவமையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதாக இருக்க முடியாது. இதை ஒப்பிடுவதற்கு இவள் எங்கே நின்றிருக்க வேண்டும், எதைப் பார்த்தே வாழ்ந்திருக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும்.

உள்ளுறை என்று வரும்போது சங்கடம் இன்னும் கூடுகிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு, வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்று முடியும்படி வைப்பது அது. உரைகளைப் படித்துப் பழகிய மனம் உடனே கணக்குப் போடத் தொடங்குகிறது: குருகு தலைவன், ஆரல் தலைவி, ஓடும் நீர் கழியும் காலம். கணக்கு நேராகவே வருகிறது. இரைக்காக அசையாமல் நிற்கும் பறவையிடம் அவனுடைய அன்றைய பொறுமை முழுக்க இருக்கிறது. ஆனால் கணக்கை முடித்த கையோடு இன்னொன்றைக் கவனிக்கிறேன். குருகு அவன்தான் என்றால் சாட்சி யார்? அவள் கையில் இருந்தது அந்த ஒரே சாட்சி. அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த சாட்சி, கேட்டாலும் வாய் திறக்காத சாட்சி. இந்தச் சமன்பாடு அதையும் பிடுங்கிக்கொண்டு அவளை வெறுங்கையாக்கிவிடுகிறது. ஒருவேளை அவளே அதை உணர்ந்துதான் சொல்கிறாளோ? யாரும் இல்லை என்று தொடங்கி ஒரு குருகு இருந்தது என்று முடிப்பது, சாட்சி ஒன்று கிடைத்த ஆறுதலா, அந்தச் சாட்சியும் அவனைப் போன்றதுதான் என்ற கசப்பா? இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பாடல் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்பது வினாத்தாள். உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லை எது என்பதில் உரையாசிரியர்களே ஒருமித்துப் போகவில்லை. அவர்களுடைய கருத்து வேற்றுமையை இலக்கணக் குழப்பம் என்று நினைத்திருந்த காலம் உண்டு. இப்போது அது பாடல்களுக்கு அவர்கள் செய்த மரியாதையாகப் படுகிறது.

அதே தொகையில் ஆலங்குடி வங்கனாரின் 8ஆம் பாடலை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மருதப் பாடல். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியின் பக்கத்தார் கேட்கும்படி பேசுகிறாள். வயலோரத்து மாமரத்தில் கனிந்த பழம் தானாக விழ, பொய்கை வாளை அதைக் கவ்வும் ஊருக்கு உரியவன் அவன். எங்கள் இடத்தில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டில், கண்ணாடியில் தெரியும் உருவம் எதிரில் நிற்பவர் கைகாலைத் தூக்கத் தானும் தூக்குவதுபோல, மகனின் தாய் விரும்பியபடி ஆடுகிறான். இங்கே இரண்டு கருவிகள் அடுத்தடுத்து வருகின்றன. மாம்பழமும் வாளையும் உள்ளுறை. கண்ணாடி உருவம் வெளிப்படை உவமை. ஏன் ஒன்றை மறைத்தும் ஒன்றைத் திறந்தும் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டு படித்தால் அந்தப் பெண்ணின் நெஞ்சுரம் முழுவதும் தெரிகிறது. வாளை மரமேறிப் பழம் பறிக்கவில்லை, பழம்தான் விழுந்தது. நான் அவனை இழுக்கவில்லை, அவனாக வந்தான் என்ற தற்காப்பு அதில் இருக்கிறது. அதை நேராகச் சொன்னால் கெஞ்சல் ஆகும். தன்னைப் பழித்தவளின் ஆட்களுக்கு முன்னால் நியாயம் கேட்டு நிற்பதாக ஆகும். ஆகவே அதை அவன் ஊருக்கு அடைமொழிபோல வைத்து, போகிறபோக்கில் சொல்லி நகர்ந்துவிடுகிறாள். அவனைக் குறைத்துச் சொல்லும் பகுதிக்கு மறைப்பு தேவையில்லை. அது எதிரிலிருப்பவர்கள் அப்படியே எடுத்துப்போய்ச் சேர்க்க வேண்டிய செய்தி. ஆகவே பளிச்சென்று கண்ணாடி. எதைக் குனிந்து சொல்வது, எதை நிமிர்ந்து சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அணிகள் என்று அட்டவணை போட்டு வைத்திருப்பவை அவளுக்கு நடந்துகொள்ளும் முறைகள்.

இதற்கான இடத்தைப் பழைய இலக்கணம் விட்டுவைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று ஒலியில் தொடங்கும் வரிசையில் கூற்று வருகிறது. அதையடுத்துக் கேட்போர் வருகிறது. பேசுகிறவர் மட்டுமல்ல, கேட்கிறவரும் செய்யுளின் உறுப்பு. சீர் கெட்டால் செய்யுள் கெடுவதுபோல, கேட்பவரை எடுத்துவிட்டாலும் செய்யுள் ஊனப்படும் என்று ஓர் இலக்கணம் நினைத்திருக்கிறது. பின்னால் எச்சம் வருகிறது: சொல்லப்படாமல் எஞ்சுவதும் உறுப்பு. முன்னம் வருகிறது: இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்வது என்று பேச்சைக் கொண்டே உணரவைப்பது. யாப்புக்கு வாய்பாடு சொல்லி அலகிடக் கற்றுக்கொடுத்த வகுப்பறைகளில் முன்னத்தை நிறுத்திவைத்து விளக்கியதாக எனக்கு நினைவில்லை. அலகிடுவதற்குச் சரி தவறு உண்டு, மதிப்பெண் போடலாம். முன்னத்துக்கு எப்படிப் போடுவது? அதனால்தான் ஒவ்வொரு பாடலின் அடியிலும் இருக்கும் துறைக்குறிப்பை நாம் இறுகப் பற்றிக்கொண்டோம். இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று உரைநடையில் ஒரு வரி. அதைப் பாடியவர்களே எழுதியிருக்க மாட்டார்கள். பாடல்களைத் தொகுத்துப் பேணிய பிற்காலத்தவர் யாரோ தம் வாசிப்பைச் சுருக்கி வைத்துப் போனது. குறுந்தொகையில் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் எஞ்சிய 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்ற செய்தி மட்டும் நம்மிடம் இருக்கிறது, உரை இல்லை. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் புத்துரையோடு பதிப்பித்தார், 1937இல் உ.வே.சா.வின் பதிப்பு வந்தது. அந்தப் பழைய உரைகள் தொலைந்ததை நினைத்து வருந்தாத நாள் குறைவு. அந்த இழப்பு பாடலுக்கும் நமக்கும் நடுவே விட்டுச்சென்ற இடத்தில் நாம் தனியாக நின்று கேட்க வேண்டியிருக்கிறது. துறைக்குறிப்பு அங்கே எட்டும் ஒரு குரல்தான். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

செம்புலப்பெயனீராரின் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். இயற்பெயர் தொலைந்து, சொன்ன உவமையே பெயராகி நிற்கும் புலவர். திருமண அழைப்பிதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அது படும் பாட்டைத் தமிழர் அனைவரும் அறிவர். உறவோ முன்னறிமுகமோ இல்லாத இருவரின் நெஞ்சம் செம்மண்ணில் பெய்த மழைநீராகக் கலந்தது என்ற பொருளும் எல்லாருக்கும் தெரியும். துறைக்குறிப்பு சொல்வதோ வேறொரு சூழல்: முதற்கூடலுக்குப் பின், இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்ச, அவள் முகக்குறிப்பு மாறியதைக் கண்ட தலைவன் சொன்னது. அச்சத்துக்கு முன்னால் சொல்லப்பட்ட தேறுதல் மொழி. குறிப்பை மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படித்தால், பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் குறி அதில் ஒன்றும் இல்லை. பெண் பேசுவதாக வைத்துப் படித்துப் பார்க்கிறேன். இதெல்லாம் எப்படி நடந்தது என்ற திகைப்பாக, ஏறத்தாழ நடுக்கமாக அது மாறிவிடுகிறது. உவமை அதேதான், ஓர் எழுத்து மாறவில்லை. வாய் மாறியதும் வாக்குறுதி வியப்பாகிவிடுகிறது.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் மழை விழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் சில துளிகளைப் புழுதி விழுங்கிவிடும். பிறகு வண்டித்தடங்களில் நீர் நிறைந்து செக்கச்செவேலென்று ஓடும். அந்த நீரை ஒரு செம்பில் அள்ளி மண்ணைத் தனியே, நீரைத் தனியே பிரிக்க யாராலும் ஆகாது. ஆனால் அதே செம்பை ஓரமாக வைத்துவிட்டால்? பொறுத்திருந்தால் மண் அடியில் தங்கி நீர் தெளியும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் சங்க காலத்தார் அறிந்ததுதான். கலித்தொகையின் நெய்தற்கலியில் அது உவமையாகவே வருகிறது. அப்படியானால், பிரிக்க முடியாமைக்குச் சொன்ன உவமைக்குள்ளேயே பிரிவும் இருக்கிறது. சொன்னவன் அதை நினைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேட்டுக்கொண்டிருந்தவள் நீர் மொண்டு, நீர் தெளியவைத்து வாழ்கிறவள். அவளுக்கு அது தோன்றாமல் இருந்திருக்குமா? அஞ்சுகிற காதில் எந்தத் தேறுதலும் முழுதாக இறங்குவதில்லை. இதை நான் பாடலில் கண்டேன் என்று சொல்லத் துணிய மாட்டேன். கேட்போரையும் உறுப்பாக எண்ணிய ஒரு மரபு, இப்படி யோசிக்க எனக்கு இடம் கொடுக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இந்த இடத்தில்தான் என் சங்கடத்தின் வேர் தட்டுப்படுகிறது. குருகைப் பற்றித் தலைவி சொன்னபோது தோழி அதைப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டவள் என்ன செய்தாள் என்று அந்தப் பாடல் சொல்லவில்லை. ஆனால் அகத்திணை மரபு முழுவதும் சொல்கிறது. அவள் தலைவனை எதிர்கொண்டு வரைவு கடாவ வேண்டும். இரவில் வரும் வழியின் அச்சத்தைச் சொல்ல வேண்டும், ஊரார் அலரைச் சொல்ல வேண்டும், மணந்துகொள் என்று நெருக்க வேண்டும். வேறு இடத்தில் பெண் பேச வந்துவிட்டால் செவிலியிடம் உண்மையை உடைத்து அறத்தொடு நிற்க வேண்டும். அவள் கேட்டது உள்ளுறை என்றால், அந்த உள்ளுறையைப் புரிந்துகொண்ட கணத்திலிருந்து அவள் தலையில் ஒரு பொறுப்பு ஏறிவிட்டது. புரியாததுபோல் இருந்துவிடலாம். புரிந்துவிட்டால் பிறகு சும்மா இருக்க முடியாது. பரத்தையின் பேச்சைக் கேட்ட தலைவியின் பக்கத்தாருக்கும் அப்படித்தான்: அவர்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அல்லது விழுங்கிக்கொண்டு தம் வீட்டுத் தலைவனை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். இந்தப் பாடல்களுக்குள் பொருள் விளங்குதல் என்பது கேட்டவரை ஏதேனும் ஒன்றைச் செய்யவைக்கும் காரியம். எனக்கோ அது விடையோடு முடிகிறது. பாடலின் எல்லா நுட்பங்களையும் அறிந்துகொண்டு, அதில் வரும் எந்தக் கேட்பவரும் அனுபவித்த எந்தச் சுமையும் இல்லாமல் எழுந்து போகிறேன். எனக்கு உறுத்துவது அந்த இலகு.

இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு புனங்காவல் பெண்ணுக்காக நான் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். அவளுக்காக எதுவும் முடியாதுதான். ஆனால் மறைத்துப் பேசுவது நின்றுவிடவில்லை. மகள் வாழப்போன வீட்டுக் கிணற்றின் உப்பைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நண்பன் தன் பழைய வேலையிடத்தின் ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான். தாய், எதிர்வீட்டு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள் என்கிறாள். எவரும் தம் துயரத்தைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பதை எடுத்து, அதன் காலை, அதன் நிறத்தைச் சொல்கிறார்கள். குறுந்தொகையை உண்மையாகப் படித்தவருக்கு அந்த உப்பு கேட்க வேண்டும், கேட்டதும் எழுந்து போகத் தோன்ற வேண்டும். அப்படிக் கேட்கும் காது ஒன்றை அந்தப் பாடல்கள் எனக்குத் தந்திருந்தால் நான் அவற்றைப் படித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தராவிட்டால் அருஞ்சொற்பொருளும் அணியும் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன். செம்புலப்பெயனீராரின் அடிகளை அழைப்பிதழில் அச்சிடுகிறவர்கள்மேல் எனக்கு இருந்த மனத்தாங்கலும் இதனால்தான் தளர்கிறது. துறைக்குறிப்பில் இருக்கும் அச்சத்தை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அணியின் பெயர் கேட்டால் விழிக்கவும் கூடும். ஆனால் அந்தச் சொற்களை ஒருவர் மற்றவருக்கு ஊரறியக் கொடுக்கிறார்கள்; கொடுத்தபடி நடக்க வேண்டிய கடமை மறுநாள் காலை முதல் அவர்களுக்கு உண்டு. கேட்போர் என்ற உறுப்பு அங்கே குறையாமல் இருக்கிறது. தனியறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளுறை தேடும் எனக்கு அது வாய்க்க வேண்டுமானால், அடுத்த முறை எவரேனும் என்னிடம் எதையோ சுற்றிவளைத்துச் சொல்லும்போது, என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டு அவர்களை அவசரப்படுத்தாமல் இருக்கக் கற்க வேண்டும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்யவும் வேண்டும்.